ஒரு கேள்வி பிந்தி வந்த பதில்கள்

நர்சுகள் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவரும் திருப்பதியில் வேலை பார்க்கிறவர்கள். "காலரா வந்தப்ப ரேணிகுண்டாவுல கொட்டகை போட்டு வார்டு நடத்தினீங்களாமே மேடம், அத எழுதுங்க" என்றார்கள். சரி என்று சொல்லி அனுப்பினேன். எழுத உட்கார்ந்தால் காலராவைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. வேறொன்று தொண்டையில் நிற்கிறது. அதைச் சொல்லாமல் என்னால் எதையும் எழுத முடியாது. மலருக்கு ஒத்துவரவில்லை என்றால் போடாமல் விடட்டும்.

என் மகள் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். போன வருடம் அவள் அப்பா காலமானார். அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று, பசி போயிற்று. அப்புறம் ஒன்றொன்றாக மறக்க ஆரம்பித்தாள். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். கரும்பலகையில் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் சாக்பீஸ் துண்டோடு நின்றிருக்கிறாள். பிள்ளைகள் முதலில் சிரித்திருக்கிறார்கள், பிறகு பயந்திருக்கிறார்கள். திருப்பதியில் ஒரு இளம் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் ஐந்து பொருள்களின் பெயரை ஒரே மூச்சில் சொன்னார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், திருப்பிச் சொல்லச் சொன்னார். இவள் இரண்டு சொன்னாள். அவர் இவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "மூளையில ஏதாவது இருக்கலாம்மா. கல்யாணப் பேச்சு எடுக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சுக்குங்க" என்றார். இவளுக்குக் காது கேட்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"இன்னொரு தடவை கேளுங்க டாக்டர், மெதுவா" என்றேன். அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது, "எனக்கு மூள போயிடுச்சாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். முப்பது வருடம் நோயாளிகளுக்குத் தைரியம் சொன்ன வாய், என் பிள்ளையிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது குழறியது. அன்றிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஏனென்றால் இந்தக் காட்சியை நான் முன்பே ஒரு தடவை பார்த்தவள்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிறந்தது புத்தூர்ப் பக்கம். நர்சு படிப்பு மெட்ராசில். அதில் சில மாதம் மனநோயாளிகள் இருந்த வார்டில் போட்டார்கள். எல்லோரும் அழுதுகொண்டு போன இடம் அது. நான் அங்கே ஒன்று பார்த்து வைத்துக்கொண்டேன். துக்கத்தில் உறைந்துபோன பெண்களுக்கு மறதி வரும். ஆனால் தலையில் அடிபட்டவர்களுக்கு வரும் மறதி போல அது இருக்காது. அடிபட்டவர் உள்ளே போனதைத் தொலைத்துவிடுவார். துக்கப்பட்டவருக்கு எதுவும் உள்ளேயே போவதில்லை. கதவுக்கு உட்புறம் யாரோ சாய்ந்து உட்கார்ந்திருப்பது போல. துக்கம் குறைந்தால் கதவு திறக்கும். இதைப் பிற்பாடு பெரிய பெயர்களோடு புத்தகத்தில் படித்தேன். பார்த்தது முதலில்.

மெட்ராசிலிருந்து ஆந்திரா பிரிந்து சில வருடம் ஆன சமயம், எது எந்த மாநிலத்துக்கு என்ற தகராறு இன்னும் தீராத எல்லைக் கிராமங்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. பெயர் வேண்டாம். அங்கே இருந்த பெரிய டாக்டரின் பெயரும் வேண்டாம். கிருஷ்ணா நதிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல சர்ஜன். கத்தி பிடித்தால் அழகாக இருக்கும். தையல் போட்ட இடத்தைப் பிறகு தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வார்டில் ஈ பறந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் திட்டு. ஏழை, பணக்காரர் பார்க்க மாட்டார். இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது.

ரவுண்ட்ஸ் வரும்போது எந்தக் கட்டிலருகிலும் உட்கார மாட்டார். நின்றபடி பேனாவின் பின்பக்கத்தால் கைக்கடிகாரக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருப்பார். எதையும் ஒரு தடவைதான் சொல்வார், ஒரு தடவைதான் கேட்பார். "ஒக்கசாரி செப்தானு" என்பது அவர் வாய்ச்சொல். ஒக்கசாரி என்றால் தெலுங்கில் ஒரு தடவை. நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயரும் அதுதான். "ஒக்கசாரி வந்துட்டார்" என்று வார்டு உதவியாள் ராஜம்மா கண்ணைக் காட்டினால் வார்டே நேராகும். அறுவை சிகிச்சை அறையில் அந்தப் பழக்கம் உயிரைக் காப்பாற்றியது. கேட்டது கையில் உடனே வர வேண்டும், வரும். அதே பழக்கத்தை அவர் மனசு உடைந்தவர்களிடமும் கொண்டுபோனார்.

உகாதி முடிந்த வாரம் கன்னியம்மாவை வண்டியில் கொண்டுவந்தார்கள். நகரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். கூட மாமியார், புருஷன். வரதய்யபாளையம் பக்கத்திலிருந்து அவள் அப்பாவும் தனியாக வந்து சேர்ந்தார். மடியில் ஒரு பெண் குழந்தை, மூன்று மாதம்.

மாமியார்தான் பேசினாள். "இவளுக்கு ஒண்ணும் நெனப்பு நிக்கறதில்ல சிஸ்டரு. பால வெச்சா பொங்கி அடுப்பு அணையற வரைக்கும் பாத்துக்கினே நிக்கறா. தண்ணிக்கு அனுப்பினா கெணத்தாண்ட எதுக்கு வந்தோம்னு கேட்டுக்கினு நிக்கறா. இத்தோட போச்சா? போன வாரம் களையெடுக்கப் போனா. கொயந்தய வரப்புல துணி விரிச்சிப் படுக்க வெச்சா. வேல முடிஞ்சதும் கொயந்தய அங்கயே வுட்டுட்டு வூட்டுக்கு நடந்தா. களக்கொத்த மட்டும் மறக்காம எடுத்துக்கினு வந்தா!"

கன்னியம்மா தலை நிமிரவில்லை. "மறந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அவள் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இதற்கு முன் ஒரு ஆண் குழந்தை. ஜுரத்தில் போய்விட்டது. அது போனதிலிருந்து இவள் இப்படித்தான் என்றார். "அவுங்க இவள பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கி அனுப்பிட்டு, பையனுக்கு வேற எடத்துல பொண்ணு பாக்கறாங்கம்மா. கொயந்தயும் எங்களுக்குக் கெடையாதுன்றாங்க."

முன்பெல்லாம் அப்படி அனுப்புவதென்றால் மெட்ராஸ். போனால் அங்கே தமிழ் பேசுவார்கள். சொந்தக்காரர் பஸ் ஏறிப்போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம். மாநிலம் பிரிந்த பிறகு எங்கள் பக்கத்து நோயாளிகளை விசாகப்பட்டினத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். கன்னியம்மாவின் அப்பாவுக்கு அது எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. பால் குடிக்கும் குழந்தையை விட்டுவிட்டு அவள் அங்கே போனால் திரும்பி வருவது நடக்காத காரியம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு வாரம் வார்டில் வைத்துப் பார்த்தோம். அப்புறம் பெரிய டாக்டர் சர்ட்டிபிகேட் எழுதுவதற்காக வந்தார். அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். பெயர், மாதம், மாநிலம், குடும்பம், அன்றைக்குச் சாப்பிட்டது, கடைசியில் மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வது. தெலுங்கில்தான் கேட்டார். எல்லைப் பெண்களுக்குத் தெலுங்கு நன்றாகப் புரியும், கன்னியம்மாவுக்கும் புரியும். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். குழந்தையை மாமியார் வாங்கிக்கொண்டு வராந்தாவில் நின்றாள். அது அங்கே வீறிட்டுக்கொண்டிருந்தது.

"பேரு?"

"கன்னியம்மா."

"என்ன மாசம்?"

கொஞ்ச நேரம் கழித்து, "பங்குனி" என்றாள்.

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். அவருடைய தெலுங்குக் கணக்கில் உகாதியோடு பால்குனம் முடிந்து சைத்திரம் பிறந்துவிட்டது. நம் கணக்கில் பங்குனி முடிய இன்னும் நாள் இருந்தது. அவள் சொன்னது சரி. அவர் கேட்டதும் சரி. நடுவில் அகப்பட்டது அவள்.

"எந்த ராஜ்யம்?"

பதில் இல்லை. அவர் கடிகாரத்தைத் தட்டினார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"பிள்ளைக்கு வயசு?"

கன்னியம்மா அப்போது வாய் திறந்தாள். "மெட்ராசுன்னாங்க. அப்பால ஆந்திரான்னாங்க. இப்ப யாருக்குன்னு இன்னும் தீரலையாம்."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பிள்ளைக்கு வயசு கேட்டா என்ன சொல்றா பாருங்க சிஸ்டர்." எழுதினார். "காலைல என்ன சாப்பிட்ட?"

"மூணு" என்றாள்.

கதவோரம் நின்ற புருஷன் சிரித்துவிட்டான். "மூணு துன்னாளாம்!" என்று வராந்தாவைப் பார்த்துச் சொன்னான். மாமியாரும் சிரித்தாள்.

"கத்திரிக்காய், கடியாரம், சாமந்தி. திருப்பிச் சொல்லு."

"கஞ்சி" என்றாள் கன்னியம்மா.

அந்தச் சொல்லில்தான் எனக்குப் பொறி தட்டியது. அன்று காலை அவளுக்குக் கஞ்சி கொடுத்தது நான். அவள் ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. குழந்தைக்கு மூன்று மாதம். காலையில் கஞ்சி. பதில்களெல்லாம் வந்துகொண்டுதான் இருந்தன, ஒரு கேள்வி பிந்தி. பதில் அவள் மனசிலிருந்து வாய்க்கு வந்து சேரும் முன் அவர் அடுத்த கட்டிலுக்குப் போகிற வேகத்தில் அடுத்த கேள்விக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மூன்று பொருள்களை அவளால் சொல்ல முடியவில்லை என்பதும் உண்மைதான். அப்புறம் நானே மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சாமந்தி என்ற சொல் காதில் விழுந்த ஞாபகமே அவளுக்கு இல்லை. அவள் காது முழுக்க வராந்தாவில் அழுத குழந்தையிடம் இருந்தது. உள்ளே போகாத சொல் எப்படித் திரும்பி வரும்?

பேனாவை மூடிக்கொண்டு அவர் கிளம்பியபோது நான் வழியை மறித்தேன். நர்சு டாக்டரின் வழியை மறிப்பதென்றால் அந்தக் காலத்தில் என்ன அர்த்தம் என்று இப்போதுள்ள பெண்களுக்குத் தெரியாது.

"சார், பதில் எல்லாம் சரி. ஒரு கேள்வி லேட்டா வருது. அவ்வளவுதான்."

"லேட்டா வந்தா அதுவும் நோய்தான் சிஸ்டர்."

"நோய்தான் சார். பைத்தியம் இல்ல. பிள்ளையப் பறிகொடுத்த துக்கம். இதுக்கும் ஏதாவது ஆயிடுமோன்னு பயம். நெஞ்சு பூரா அதுதான் இருக்கு. மத்ததுக்கு எடம் இல்ல."

"ராஜ்யம் எதுன்னு தெரியாதது துக்கமா?"

வராந்தாவில் புறநோயாளிகள் வரிசை. அவர்களைக் காட்டி, "இவங்களைக் கேளுங்க சார்" என்றேன். அவர் கேட்கவில்லை, நான் கேட்டேன். நாம் எந்த மாநிலத்தில் இருக்கிறோம்?

முதலில் நின்ற வாலிபன், "மெட்ராஸ்! உசுரு போனாலும் மெட்ராஸ்!" என்று கையை உயர்த்தினான். அந்தக் கையில் இருந்த கட்டியின் வலியையும் மறந்துவிட்டான். வளையல் விற்கிறவள், "பஸ்ல ஆந்திரான்னு போட்டுக்கீதே, அப்ப அதான்" என்றாள். காலில் கட்டுப் போட்டிருந்த கிழவர், "கார்வேட்டிநகரம் ஜமீனு. மத்தவன்லாம் வருவான் போவான்" என்றார். கண்வலியோடு வந்திருந்த போலீஸ்காரர் நேராக நின்று, "எங்களுக்கு இன்னும் ஆர்டர் வரல" என்றார். ராஜம்மா புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"இவங்க எல்லாரையும் விசாகப்பட்டினம் அனுப்பலாமா சார்?"

அவர் சிரிக்கவில்லை. அந்த ஒரு கேள்வியை மட்டும் கோடு போட்டு அடித்தார். பங்குனியைச் சொன்னேன், அதையும் அடித்தார். அவரிடம் அந்த நேர்மை உண்டு. "மிச்சத்தை இன்னொரு தடவை கேளுங்க. குழந்தைய அவ மடியில கொடுத்துட்டுக் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் இருங்க" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"ஒக்கசாரி ராஸ்தே ராஸினட்டே" என்றார். எழுதினால் எழுதினதுதான் என்று அர்த்தம். "சிஸ்டர், நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி அவளைக் கொண்டுபோக வேண்டியது உங்க வேலை. அங்கே நீங்க வாயத் திறக்கக் கூடாது."

மனநோய் ஆஸ்பத்திரிக்கு ஒருவரை அனுப்ப டாக்டர் சர்ட்டிபிகேட் மட்டும் போதாது. மாஜிஸ்திரேட் ஆளை நேரில் பார்த்து உத்தரவு போட வேண்டும். பெரும்பாலும் பார்ப்பார்கள், போடுவார்கள், முடிந்தது. மறுநாள் கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். குழந்தையை மாமியார் கொடுக்க மாட்டேன் என்று இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மாஜிஸ்திரேட் வயதானவர், தெலுங்கர். ஓய்வுக்குக் கிட்டத்தில் இருந்தார். குமாஸ்தா அன்றைக்கு வரவில்லையோ என்னவோ, அவரே எழுதினார். கேள்வியை முதலில் வாயால் கேட்பார். பிறகு அதைத் தன் கையாலேயே எழுதுவார். மையைத் தொட்டு, ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி. எழுதி முடித்துத்தான் தலையைத் தூக்குவார்.

"உன் பேர் என்னம்மா?" கேட்டார். எழுத ஆரம்பித்தார். அவர் தலை நிமிரும்போது பதில் தயாராக இருந்தது.

"கன்னியம்மா."

அதை எழுதினார். "உனக்கு எத்தனை பிள்ளைகள்?" எழுதினார். நிமிர்ந்தார்.

"ரெண்டு. ஒண்ணு இல்ல."

நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக எழுதுங்கள், இன்னும் மெதுவாக எழுதுங்கள் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அது காதில் விழுந்தது போலவே அவர் எழுதினார். கேள்விக்குக் கேள்வி பதில் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. என்ன ஊர், யார் அப்பா, எந்த ஆஸ்பத்திரி, யார் இந்த சிஸ்டர், எல்லாம் சொன்னாள். எந்த ராஜ்யம் என்று அவரும் கேட்டார். அவள் அதே பதிலைச் சொன்னாள், யாருக்குன்னு இன்னும் தீரலையாம் என்று. கிழவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நெஜம்தாம்மா. அது தீர்ந்தாத்தான் எனக்கும் எந்த ராஜ்யம் பென்ஷன் தரும்னு தெரியும்."

அப்புறம் அவர் முகம் மாறியது. "பிள்ளைய வரப்புல விட்டுட்டு வந்தியாமே. மறந்துட்டியா?"

எழுதினார். நிமிர்ந்தார். பதில் இல்லை. அவர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. எழுதின வரியைத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்தார். மை காய ஊதினார். அப்போது கன்னியம்மா பேசினாள். வார்டில் இருந்த அத்தனை நாளும் அவள் சேர்த்துப் பேசாத அளவு பேசினாள்.

"மறக்கல சார். மறந்துட்டேன்னு சொன்னா திட்டறதோட வுட்டுடுவாங்கன்னு சொன்னேன். பெரிய பையன் தூங்கறான்னு பாத்துக்கினே இருந்தேன் சார். பாத்துக்கினே இருக்கசொல்லோ போயிட்டான். இதுவும் தூங்கிக்கினு இருந்துச்சி. நா பாத்துக்கினே இருந்தா இதுவும் போயிடும்னு தோணிச்சி. பாக்காம இருந்தா இருக்கும்னு நெனச்சிக்கினு நடந்துட்டேன். பாதி வழில திரும்பி ஓடினேன். அதுக்குள்ள அவுங்க பாத்துட்டாங்க." அவர் எழுதும் காகிதத்தைப் பார்த்தாள். "மத்தது எல்லாம் மறந்து போவுது சார். பாலு, தண்ணி, ஆளுங்க பேரு. இது ஒண்ணுதான் உள்ள நிக்குது. போவ மாட்டேங்குது."

அவள் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மாஜிஸ்திரேட் அதை முழுக்க எழுதினார். எழுத நெடுநேரம் ஆயிற்று. பிறகு என்னைப் பார்த்து, "சிஸ்டர், வார்டில் பிள்ளைய எப்படி வெச்சிருந்தா?" என்றார். கேட்டது மாஜிஸ்திரேட். இனி எனக்கு வாய் உண்டு.

"எடை பார்க்கக்கூட எங்க கையில கொடுக்க மாட்டா சார். அவளே தூக்கிக்கிட்டு வந்து தராசுல வெச்சு, அவளே எடுத்துக்குவா."

அனுப்ப உத்தரவு போட முடியாது, பெண்ணை அவள் அப்பா வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், பால் குடிக்கிற குழந்தை தாயோடு இருக்கட்டும் என்றார். நான் குழந்தையை வாங்க வெளியே ஓடினேன். மாமியார் இல்லை. உள்ளே கன்னியம்மா பேசிக்கொண்டிருந்த நேரத்தில், புருஷனும் அவளும் குழந்தையோடு பஸ் ஏறிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். "மாஜிஸ்திரேட்டுக்கு வைத்தியம் தெரியுமா?" என்றார் பெரிய டாக்டர். கடிகாரத்தைத் தட்டினார். சில வாரத்தில் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவர் மேலே மேலே போனார். டாக்டருக்குப் படிக்கிற பையன்களுக்குப் பாடம் நடத்தும் இடத்துக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். எத்தனை பேருக்கு எப்படிக் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தாரோ. என் மகளிடம் ஐந்து பொருள்களை ஒரே மூச்சில் ஒப்பித்த அந்தப் பிள்ளையாண்டான் யாரிடம் படித்தவனோ. எல்லைக்கோடு ஒரு வழியாகத் தீர்ந்தது. யார் எந்தப் பக்கம் என்று ஊருக்கு ஊர் பலகை வைத்துவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு இப்போது எல்லோருக்கும் பதில் தெரியும். கேட்கிற விதம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. இதைப் படிக்கிற நர்சுகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். டாக்டருக்கு நேரம் இல்லாமல் இருக்கலாம். நீங்கள் கட்டிலருகிலேயே நிற்கிறவர்கள். பதில் வந்து சேரும் வரை நில்லுங்கள்.

கன்னியம்மாவின் அப்பா குழந்தைக்காக ஒரு வருடத்துக்கு மேல் நடந்தார். ஊர்ப் பெரியவர்கள், வக்கீல், மறுபடி ஊர்ப் பெரியவர்கள். கடைசியில் புருஷன் வீட்டாரே கொண்டுவந்து விட்டார்கள். பிறந்தது பெண்தானே என்று சலித்துவிட்டதாகக் கேள்வி. அதற்குள் கன்னியம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியிருந்தாள். தூக்கம் வந்தது, பிறகு பசி, பிறகு ஒன்றொன்றாக நினைவும் திரும்பியது. எனக்கு மாற்றலான ஊரை விசாரித்துக்கொண்டு ஒரு நாள் மகளோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். சதை பிடித்து, வெற்றிலை போட்ட வாயோடு, என்னைப் பார்த்ததும் கலகலவென்று சிரித்துக்கொண்டு. அந்தப் பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மருந்து கட்டும் அறையில் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

எல்லாம் ஞாபகமாகச் சொன்னாள். நாற்று நட்டது, எரு விலை, வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் பேர்கூட. பிறகு குரல் இறங்கிப்போயிற்று.

"சிஸ்டரு, இது பொறந்ததுல இருந்து அவுங்க தூக்கிக்கினு போற வரைக்கும், அந்த வரப்புல வுட்டத தவிர, எனக்கு ஒண்ணும் நெனப்பே வரல. எவ்ளோ யோசிச்சாலும் வரல. எப்பிடி இருந்திச்சின்னே தெரில. அவுங்க சொல்றாங்க, நீ அத தொடவே இல்லன்னு. இது பெருசாயி கேட்டா நா இன்னா சொல்றது?"

அந்த மாதங்கள் அவளிடம் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அவை தொலைந்துபோகவில்லை, உள்ளே போகவே இல்லை. அந்தச் சமயத்தில் அவள் பக்கத்தில் நின்று பார்த்தவர்களில் அவளுக்கு வேண்டியவள் நான் ஒருத்திதான். சொன்னேன். குழந்தைக்கு இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம், நீ அதை விரலால் தடவிக்கொண்டே இருப்பாய். பால் குடிக்கும்போது அது உன் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொள்ளும், நீ விடுவித்துக்கொள்ளவே மாட்டாய். ராஜம்மா ஒரு நாள் அதைக் குளிப்பாட்டத் தூக்கினாள், நீ அவள் கையைக் கடித்துவிட்டாய்.

"கடிச்சேனா?"

"பல்லு பதிஞ்சுது. அவ ஒரு வாரம் எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டுத் திரிஞ்சா."

கன்னியம்மா மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, காதை மடக்கிப் பார்த்தாள். மச்சம் இருந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டரு, மொதல்ல இருந்து இன்னொருக்கா சொல்லு" என்றாள்.

வெளியே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.